ஒரு நம்பர் பெருசு

திருவாரூர் கடைத்தெருவில் அந்தக் கடைக்கு மீரா உசேன் காலணியகம் என்று பெயர். மீரா உசேன் சவூதிக்குப் போய் மூன்று வருஷமாகிறது. கடையைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி கமருன்னிஸா. ஆண்கள் வந்தால் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, நீங்களே போட்டுப் பாத்துக்குங்க என்பாள். பெண்கள் வந்தால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்தவளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

அம்சத்தின் காலையும் அப்படித்தான் இழுத்தாள். அம்சம் பதறிப்போய்ப் பின்வாங்கினாள்.

"வேணாங்க அக்கா. நடவுலேருந்து நேரா வர்றேன்."

"கழுவிட்டுத்தானே வந்தே? காலைப் பாக்காம ஷூவைப் பத்தி நான் என்னத்தச் சொல்றது? குடு இங்க."

அம்சத்துக்குப் பத்தொன்பது வயது. அவள் காலை அம்மாவைத் தவிர யாரும் மடியில் வைத்ததில்லை. அந்தப் பூப்போட்ட சேலையின்மேல் அது யாருடைய காலோ போலக் கிடந்தது. வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்படுகிறோம் என்று நினைத்தபோது கோபமும் கொஞ்சம் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கடையில்தான் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கினாள். ஆகஸ்ட் கடைசியில் தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. பெண்களுக்கான மூவாயிரம் மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் உடற்கல்வி ஆசிரியைப் பயிற்சியில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் நடவு, களையெடுப்பு, அறுவடை. விண்ணப்ப வயது இந்த வருஷத்தோடு முடிகிறது. போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அவளோ கடைப்படியை நொண்டிக்கொண்டு ஏறியிருந்தாள்.

"ஷூ சரியில்லைங்க. முழங்காலுக்குக் கீழ இந்த எலும்பு பூரா வலிக்குது. பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு."

"ஷூ சரியில்லையா, போட்டவ சரியில்லையா, பாப்போம்." கமருன்னிஸா கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்கினாள். "ஒரே எடத்துல சுள்ளுன்னு குத்துதா? நீளத்துக்கு வலிக்குதா?"

"நீளத்துக்குத்தான்."

"தப்பிச்சே. ஒரு புள்ளியில குத்தினா எலும்புல கீறல் விட்டிருக்கும். அப்ப ஒனக்கு ஷூ விக்க மாட்டேன். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு வெரட்டியிருப்பேன்."

குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து அம்சத்தின் உள்ளங்காலில் தடவி, சிமெண்டுத் தரையில் ஊன்றி நிற்கச் சொன்னாள். காலை எடுத்ததும் தரையில் ஈரச்சுவடு பதிந்திருந்தது. நடுவில் வளைவே இல்லை. முழுப் பாதமும் விழுந்திருந்தது. விரல் ஐந்தும் விசிறி மாதிரி விரிந்து, பெருவிரல் தனியாக விலகி நின்றது.

"ஒம்போது வயசுலேருந்து நடவு நடறேன்" என்றாள் அம்சம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

"நல்ல காலுதான். சேத்துல ஊன்றதுக்கு வளந்த காலு. முன்னால அகலம், குதி சின்னது. பொம்பளைங்க ஷூ செய்யறவன் எவனும் இந்தக் காலைப் பாத்ததில்லை. அதுக்கு நீ என்ன பண்ணுவே?" அவள் பழைய ஷூவைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள். பின்பக்கம் குதியைத் தாங்குகிற பகுதி செருப்பு மாதிரி மிதிபட்டு மடங்கிக் கிடந்தது. நாடாவின் முடிச்சு கறுத்துக் கெட்டித்துப் போயிருந்தது.

"இந்த முடிச்சை வாங்கின அன்னிக்குப் போட்டது நாந்தான். இன்னி வரைக்கும் நீ அவுக்கவே இல்லை."

அம்சம் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"அவுக்காமலே மாட்டறே, அவுக்காமலே உருவறே. அன்னிக்கே சொன்னேன், ஆறு நம்பர் போதும்னு. ஏழுதான் வேணும்னு அடம் புடிச்சே. ஓடறவளுக்குக் கழட்டறதுல அப்படி என்ன அவசரம்?"

"வளர்ற காலுங்க…"

"பத்தொம்போது வயசுல எங்க வளருது? புள்ள, எங்கிட்ட பொய் சொல்லு, பரவால்ல. காலு சொல்லிப்புடும். கேளு. ஷூ லூசா இருந்தா, அது நழுவாம இருக்க ஒன் வெரலு அஞ்சும் உள்ள நண்டு மாதிரி புடிச்சுக்கிட்டே கெடக்கும். அந்த வெரலை இழுக்கற தசையெல்லாம் வந்து ஒட்டறது இந்த எலும்புலதான். ஒரு மைலுக்கு எண்ணூறு தடவை அதை இழுத்தா வலிக்காம என்ன செய்யும்? கால் முன்னால வழுக்கி இடிச்சு நகமும் கறுத்துப்போச்சு." ஷூவைக் கீழே வைத்தாள். "எங்க கழட்டறே?"

அம்சம் தரையில் காய்ந்துகொண்டிருந்த ஈரச்சுவட்டைப் பார்த்தாள். முதலில் விரல்கள் மறைந்தன.

"மேலத்தெருவுல" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. காலனியிலிருந்து வெட்டாற்றங்கரைக்குப் போக ஒரே காய்ந்த வழி மேலத்தெருதான். குறுவைத் தண்ணீர் வந்துவிட்டால் வயல்வெளியில் வரப்பெல்லாம் வழுக்கும். தினமும் விடிகாலையில் அவள் அந்தத் தெரு முனைக்கு வந்ததும் ஷூவை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். அடுத்த முனையில் மறுபடி மாட்டிக்கொள்வாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சின்ன வயதில் அம்மாவின் கை செய்ததைப் பார்த்துத் தன் கையும் செய்தது, அவ்வளவுதான். அதற்காகவா ஒரு நம்பர் பெரிதாக வாங்கினேன்? கடையில் நின்று ஏழு வேணும் என்று கேட்டபோது அந்தத் தெருவை நினைக்கவே இல்லையே. நினைக்காமலே கேட்டிருக்கிறேன்.

கமருன்னிஸா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து ஆண்பிள்ளை ஷூ ஒன்றை எடுத்து வந்தாள். ஆறாம் நம்பர், முன்பக்கம் அகலமானது.

"சாயங்காலம் வந்தது நல்லதாப் போச்சு. காலையில காலு சின்னதா இருக்கும், நம்பி வாங்கினா ஏமாந்துபோவே. எந்திரிச்சு நில்லு. உக்காந்து பாக்கறது கணக்கில்லை." பெருவிரலுக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "இந்த அளவு எடம் வேணும். குதி எந்திரிக்குதா?"

"இல்லீங்க."

அவள் நாடாவைக் கீழிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கிக்கொண்டு வந்து, கணுக்காலருகே இரட்டை முடிச்சுப் போட்டாள். அம்சம் விரல்களை அசைத்தாள். ஷூவுக்குள் அவை முதல்முறையாகச் சும்மா இருந்தன. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"பத்து நாளு ஓடாதே, நட. வலி இல்லாட்டி ஆத்தங்கரை மண்ணுல ஓடு, தார் ரோட்டுல வேணாம். அப்பறம் ஒண்ணு. இதை அவுக்க ரெண்டு நிமிஷமாவது ஆகும். சொல்லிட்டேன்."

பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. பழக்கத்தில் புது ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பெட்டியைக் கையில் வைத்திருந்தாள். முன்னால் அவள் அப்பா வீரையன் போய்க்கொண்டிருந்தார், கூட முருகையன் சித்தப்பா. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஆட்கள் இருவரும். அறுவடைக் கூலிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் வீரையன். நில உச்சவரம்புக்கு மேல் பண்ணையார் அமிர்தலிங்கம் வைத்திருந்த நிலத்தில் காலனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு மா, மூன்றில் ஒரு ஏக்கர், உழுது நட்டிருந்தார்கள்; அதன்மேல் தாவா வழக்கு நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் தாசில்தார் நேரில் பார்க்க வருவதாகச் சேதி.

"சட்டம் நம்ம பக்கம்டா முருகையா. பினாமி பேருல எத்தனை நாளைக்கு வச்சுக்குவான்? மெட்ராஸ் வரைக்கும் போவோம். எவனுக்கும் பயப்படற காலம் மலையேறிப்…"

மேலத்தெரு முனை வந்தது. வாக்கியம் நிற்கவில்லை. அப்பாவின் உடம்பு மட்டும் லேசாக வளைந்தது. வலது கை இறங்கியது, செருப்பு இரண்டும் கைக்கு வந்தன. "…போச்சு" என்று முடித்தார்.

அம்சம் அங்கேயே நின்றுவிட்டாள். பண்ணையாரை ஆண்டே என்று கூப்பிடுவதை விட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது என்று மேடைக்கு மேடை சொல்கிற மனுஷன். நாக்கு விட்டுவிட்டது. கால் விடவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "அப்பா, மேலத்தெருவுல ஏன் செருப்பைக் கழட்டுனே?"

"எப்ப கழட்டுனேன்?"

"இப்பத்தான். பேசிக்கிட்டே."

"நானா?" வீரையன் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "யாரும் கழட்டச் சொல்லலையே."

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரும் சொல்லலை, ஏன் கழட்டறோம்?"

அடுப்படியிலிருந்து அம்மா காளியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒங்கப்பன் செயிலுக்குப் போறப்பவும் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் வேன்ல ஏறுச்சு."

"நீ சும்மா கெட" என்றார் வீரையன். ஆனால் அன்று ராத்திரி அவர் சோற்றைச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்சம் வாசலில் குந்தி, கமருன்னிஸா செய்தபடியே கீழிருந்து இழுத்து இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு நடந்தாள். மேலத்தெரு முனையில் கால் தானாக நின்றது. கை இறங்கியது. இறங்கிய கை முடிச்சைத் தொட்டது. அது இறுகிக் கிடந்தது. ரெண்டு நிமிஷம். நடுத்தெருவில் குனிந்து ரெண்டு நிமிஷம் ஒருத்தி முடிச்சை நோண்டிக்கொண்டு நிற்க முடியாது. அவள் நிமிர்ந்தாள். பயம் என்று வெளியே தெரியாது, உள்ளே அது நன்றாகவே இருந்தது. இருக்கட்டும் என்று நடந்தாள். ரப்பர் அடி சரளையில் நறநறவென்று சத்தம் போட்டது. இந்தத் தெருவில் தன் காலடிச் சத்தத்தை அவள் கேட்பது இதுவே முதல் தடவை.

அமிர்தலிங்கம் தன் வீட்டு இரும்புக் கேட்டருகே பல் துலக்கிக்கொண்டு நின்றார். துப்பிவிட்டுக் கேட்டார்.

"வீரையன் மக தானே நீ? கால்ல என்னா, கட்டா? எங்கயாவது விழுந்து வாரினியா?"

"ஷூங்க. ஓட்டப் போட்டிக்கு."

"ஓஹோ. ஓடறதுக்கு ரோடு இல்லையா?"

"இதுவும் ரோடுதாங்க. பஞ்சாயத்து ரோடு."

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். கத்தவில்லை. "தாசில்தார் வர்ற நேரம். ஒங்கப்பனை வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த நாள் நடவுக்குப் போனபோது வரப்பில் நின்ற பண்ணையாரின் காரியக்காரர் ரெத்தினம் அம்சத்தைப் பார்க்காமலே சொன்னார். "ஆளு போதும். நீ வீட்டுக்குப் போ."

நாற்று முடியைக் கையில் வைத்திருந்த காத்தாயி சேற்றிலிருந்து குரல் கொடுத்தாள். "பூட்ஸோட வந்து நட்டுடுவான்னு பயமாண்ணே?" வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் அப்படியே குனிந்து நடவைத் தொடர்ந்தார்கள். ஒருத்தியும் கரையேறவில்லை. அம்சத்துக்கு அது சுருக்கென்றது. அவர்கள் அடுப்பையும் நினைத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். வரிசையின் நடுவில் அவள் அம்மாவும் குனிந்திருந்தாள்.

சாயங்காலம் வீரையன் பண்ணையாரைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பை வாசலோரம் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மாசம்" என்றார். "தாசில்தார் வந்துட்டுப் போற வரைக்கும். அந்தத் தெருவுல மட்டும் கையில எடுத்துக்க. சண்டைக்காரங்க, கலகக்காரங்கன்னு எழுதி வச்சுட்டான்னா எல்லாரு நெலமும் போயிடும் அம்சம். இருபத்திரண்டு குடும்பம்."

"என்னால முடியாதுப்பா."

"வீம்பா?"

"ஆமா, வீம்புதான். வீம்பு இல்லாட்டியும் முடியாது. கழட்டி மாட்டற மாதிரி லூசாப் போட்டா எலும்பு வலி திரும்ப வரும். போட்டி போயிடும். நாடாவை இறுக்கிக் கட்டினாத்தான் ஓட முடியும். இறுக்கிக் கட்டினா கழட்ட முடியாது. நீ வேணா அந்த அக்காவைப் போய்க் கேளு."

"ஒன் ஒருத்தி காலுக்காக…"

"ஆமா, என் ஒருத்தி காலுதான். நீ கொடி புடிச்சப்ப ஒங்கப்பா இப்படித்தானே சொல்லியிருப்பாரு, ஒன் ஒருத்தன் கொடிக்காகன்னு?"

வீரையன் கை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. சேற்றுக்கால் காயாமல் வாசலில் நின்றிருந்த காளியம்மாள் உள்ளே வந்தாள். புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளின் காலில் ஷூ இன்னும் கட்டியபடியே இருந்தது.

"அவ கட்டிட்டா" என்றாள் காளியம்மாள். "அவுக்கணும்னா நீயே குனிஞ்சு அவுத்து வுடு."

வீரையன் அந்த முடிச்சைப் பார்த்தார். குனியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு போட்டி முடியும்வரை அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

பத்து நாள் நடந்தாள். பதினோராம் நாள் ஆற்றங்கரையில் கொஞ்சம் ஓடினாள். தெருவில் ஒரு நாள் சாணித் தண்ணீர் விழுந்தது, அவளுக்கு முன்னால் ஓர் அடி தள்ளி. ஒரு நாள் மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அதையெல்லாம்விட அவளைத் தொந்தரவு செய்தது வேறொன்று. ஷூ போட்டிருந்தும் அந்தத் தெருவுக்குள் அவள் நடை மாறிவிடுகிறது. தோள் உள்ளே மடங்குகிறது, தாடை மார்பில் இறங்குகிறது, எடுத்து வைக்கும் எட்டு சுருங்கிவிடுகிறது. ஷூவுக்குள் விரல்கள் மறுபடி நண்டாகின்றன. வெளியே எவன் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம், உள்ளுக்குள் தானே தன்னைக் குறுக்கிக்கொண்டால் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் தெரு முனையில் நின்று விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுப் புறப்பட்டாள். இருபதாம் நாள் அந்தத் தெருவை நடந்து கடக்கவில்லை, ஓடிக் கடந்தாள். எலும்பை அழுத்திப் பார்த்தாள். வலி இல்லை.

இதற்கிடையில் தாசில்தார் வரும் தேதி தள்ளிப்போயிற்று. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. காலனியில் பாதிப்பேர் அம்சத்தைக் காரணம் சொன்னார்கள்.

தஞ்சாவூர் மைதானத்தில் பதினான்கு பேர் ஓடினார்கள். ஏழரைச் சுற்று. கான்வென்ட் பெண்கள் இரண்டு பேர் முள் வைத்த ஷூவோடு தொடக்கத்திலேயே பிரிந்து போய்விட்டார்கள். அம்சம் ஐந்தாவதாக ஓடினாள். ஐந்தாம் சுற்றில் நான்காவது. ஆறாம் சுற்றில் மூச்சு நெஞ்சை அறுத்தது, கால் கனத்தது. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர்களைத் தாண்டும்போதெல்லாம் எட்டு சுருங்குவதை உணர்ந்தாள். அட, இங்கேயுமா என்று நினைத்தாள். வெள்ளை வேட்டி வரிசையைக் கண்டாலே கால் அதை மேலத்தெரு என்று எடுத்துக்கொள்கிறது. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கடைசிச் சுற்றில் அதே பந்தலை நெருங்கும்போது விரல்களைத் தளர்த்தினாள். தோளைப் பின்னுக்குத் தள்ளினாள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று தாடையைத் தூக்கி, எட்டை விரித்தாள். பந்தல் முன்னாலேயே மூன்றாவதாக ஓடியவளைத் தாண்டினாள். முடிவுக் கயிற்றைத் தாண்டிய பிறகும் கூட்டத்தின் சத்தம் கேட்ட திசையில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினாள், நிற்கத் தெரியாமல்.

மூன்றாம் இடம்.

பரிசளிப்பு மேடையில் யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கிய சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. படியருகே நின்ற விழாக் குழுவின் ஆள் கையை நீட்டித் தடுத்தார். "ஷூவைக் கழட்டிட்டு ஏறும்மா. கம்பளம் பாழாயிடும்."

கான்வென்ட் பெண்கள் இருவரும் கழற்றிவிட்டு ஏறிப் போனார்கள். அவர்களுக்கு அது வெறும் கம்பளம். தனக்கும் அது வெறும் கம்பளமாக இருக்கலாம் என்று அம்சம் ஒரு கணம் நினைத்தாள். குனியப் போனாள். குனிந்தபடியே மேடையைப் பார்த்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் காலில் பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ. அவருக்கு இரண்டு பக்கமும் செருப்புகள், செருப்புகள்.

அவள் நிமிர்ந்தாள்.

"மேல உள்ளவங்க கழட்டட்டுங்க. நானும் கழட்டறேன்."

"அவங்க பெரியவங்கம்மா!"

"நான் மூணாவது வந்தவங்க."

ஒலிபெருக்கியில் அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். "மூன்றாம் இடம், வீ. அம்சம்." கைதட்டல் ஆரம்பித்துத் தயங்கி நின்றது. அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஏறலைன்னா சர்ட்டிபிகேட் கிடையாது, தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். அந்தத் தாள் இல்லையென்றால் பயிற்சிக் கல்லூரி இல்லை.

"ஓடி வாங்கினதுங்க. இங்கயே குடுங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் நகரவில்லை.

மூன்றாம் முறை பெயர் ஒலித்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் உயரத்தாண்டல்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தன் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தாள். மேடையில் விருந்தினர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி வந்து, தாளை அவள் கையில் திணித்தார்.

"புடி. போ, போ. திமிரு புடிச்சதுங்க."

அவள் போகவில்லை. தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நிதானமாக வாசித்தாள். பெயர் சரி. அப்பா பெயர் சரி. மூவாயிரம் மீட்டர், மூன்றாம் இடம், சரி. கீழே ஒரு கையெழுத்து இருந்தது. பக்கத்தில் வட்டமாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"சார்" என்று கூப்பிட்டாள்.

பாதிப்படி ஏறிவிட்ட குமாஸ்தா திரும்பினார். "இன்னும் என்ன?"

"சீல் இல்லீங்க. சீல் வச்சுக் குடுங்க."

"அப்பறம் ஆபீசுல வந்து வாங்கிக்க."

"பரவால்லீங்க" என்றாள் அம்சம். "நிக்கறேன்."